தரகர் யாருடைய ஆள்?

பிரான்ஸில் ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறோம் என்று சென்னையில் நண்பர்களிடமும் உறவினர்களிடமும் சொன்னபோதெல்லாம் எங்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி வீட்டைப் பற்றியதாக இருந்ததில்லை. 'தரகு எத்தனை பெர்சன்ட்?' என்பதுதான் அது. எட்டு என்று சொன்னதும் எதிரிலிருப்பவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். 'எட்டா? பகல் கொள்ளை. இங்கே ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதையும் பேசிக் குறைக்கலாம்' என்பார். பிறகு வெள்ளைக்காரர்கள் நம்மை ஏமாற்றிய வரலாறு கிழக்கிந்தியக் கம்பெனியில் தொடங்கி எங்கள் வீட்டு வாசல்வரை விரிவாகச் சொல்லப்படும்.

அந்த எட்டு விழுக்காட்டுக்காக நாங்கள் ஒருநாளும் வருந்தியதில்லை. வருந்தியது வேறொன்றுக்காக. வெளிநாட்டில் வீடோ அடுக்ககமோ வாங்கும் நம்மவர்கள் பெருகிவரும் இந்நாளில் அந்த வேறொன்றைச் சொல்லிவைப்பது பயன்படக்கூடும் என்பதால் இதை எழுதுகிறோம். இலக்கியம் பேசும் இடத்தில் தரகுப் பேச்சா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பால்சாக் இளமையில் பாரிஸில் ஒரு நொத்தேரின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். பத்திரம், அடமானம், சீதன ஒப்பந்தம் ஆகியவற்றை எடுத்துவிட்டால் அவருடைய நாவல்களில் பாதி நகராமல் நின்றுபோகும். 'மதாம் பொவாரி'யில் கடன் கழுத்தை நெரிக்கும்போது எம்மா பொவாரி உதவி கேட்டுப் போகும் வீடுகளில் ஒன்று நொத்தேருடையதுதான். ஆகவே இடம் பொருத்தமானதே.

எங்களைப் பற்றிச் சுருக்கமாக. நெடுங்காலமாக இங்கிலாந்தில் வாழும் தம்பதியர். இருவரில் ஒருவருக்குப் பிரெஞ்சு இலக்கியத்தில் பித்து உண்டு (யாருக்கு என்பது இங்கே தேவையில்லை, கீழே வரும் பிழைகளுக்கு யார் பொறுப்பு என்ற வழக்கு வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை). மூலமொழியில் நாவல் படிக்கும் அளவுக்கு மொழியறிவும் உண்டு. லண்டனில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் விலைக்குப் பிரான்ஸின் நடுப்பகுதியில் கல்வீடு கிடைக்கிறது என்ற செய்தியைப் படித்த நாளிலிருந்து நிம்மதி போயிற்று. 2018ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில் லிமூசன் பகுதியிலுள்ள க்ரெஸ் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் அந்த வீட்டைக் கண்டோம். கல் சுவர், இரண்டு கணப்புகள், பக்கத்தில் ஒரு பெரிய கொட்டகை, ஒரு வாதுமை மரம். புத்தக அலமாரிகளை எங்கே வைப்பது என்பது வாசலில் நுழையும்போதே முடிவாகிவிட்டது. வீடு வாங்குபவர் செய்யக்கூடாத முதற்காரியம் அதுதான்.

விளம்பரத்தில் விலை 90,720 யூரோ. அதன் கீழே சிறிய எழுத்தில், தரகுக் கட்டணம் உள்ளடக்கம், வாங்குபவர் பொறுப்பு, எட்டு விழுக்காடு, கட்டணம் நீங்கலாக விலை 84,000 என்று அச்சிட்டிருந்தது. இப்படி அச்சிட வேண்டும் என்பது 2017 ஏப்ரல் முதல் அங்கே விதி. கட்டண விழுக்காட்டுக்கு அரசு வரம்பு ஏதுமில்லை. பெரும்பாலும் மூன்றிலிருந்து எட்டுவரை இருக்கும். மலிவான வீடுகளுக்குத்தான் விழுக்காடு கூடுதல். இரண்டு லட்சம் யூரோ வீட்டுக்கும் எண்பதாயிரம் யூரோ வீட்டுக்கும் தரகர் ஓட்டும் காரின் பெட்ரோல் ஒன்றேதான் என்பதால் இதில் வியப்பில்லை. நம் ஊரில் தரகு என்பது வாய்ச்சொல்லில் நிற்பது. பத்திரப்பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் கைமாறுவது. அங்கே அது விளம்பரத்திலேயே எண்ணாக நிற்கிறது.

பிரெஞ்சுத் தரகரைக் கட்டிப்போடும் சட்டம் 1970 ஜனவரி 2ஆம் நாளது. அதை ஓகே சட்டம் என்பார்கள். (அதைக் கொண்டுவந்தவரின் பெயர் அது, நாம் சொல்லும் 'ஓகே' அல்ல.) தொழில் அட்டை இல்லாமல் எவரும் வீட்டுத் தரகு செய்ய முடியாது. தொழில் காப்பீடு வேண்டும். பிறருடைய பணத்தைக் கையில் வாங்குவதானால் நிதிப் பொறுப்புறுதி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுத்துமூலமான அதிகாரப் பத்திரம் வேண்டும், பிரெஞ்சில் 'மாந்தா'. அது இல்லாமல் வீட்டைக் காட்டினால், விற்றே கொடுத்தாலும், ஒரு காசு கேட்க முடியாது. விற்பனை எழுத்தில் உறுதியாகும்வரை கட்டணம் என்ற பேச்சே எழக்கூடாது. இங்கிலாந்திலோ 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தாலும் வீட்டுத் தரகராக உரிமம் ஏதும் வேண்டியதில்லை. ஆகவே அந்த எட்டு விழுக்காடு ஓர் ஒழுங்குக்குக் கொடுக்கும் விலை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். இன்றும் அப்படியே எண்ணுகிறோம்.

தவறு நிகழ்ந்தது அந்த மாந்தாவை வாசிப்பதில். அது எங்களுக்கும் தரகருக்கும் இடையிலான பத்திரம் அன்று. விற்பவருக்கும் தரகருக்கும் இடையிலானது. கட்டணத்தை எங்கள் தலையில் எழுதியிருந்தார்கள். ஆனால் அவர் விற்பவருடைய ஆள். பணம் கொடுப்பவனுக்குத்தானே வேலைக்காரன் என்ற நம்முடைய பொதுப்புத்தி இங்கே வழுக்கி விழுகிறது.

அவர் இனிய மனிதர். இதை நையாண்டியாகச் சொல்லவில்லை. மழையில் எங்களுக்குக் குடைபிடித்தார். ஊரில் எந்த அடுமனையில் ரொட்டி நன்றாயிருக்கும் என்று சொன்னார். எங்களில் ஒருவர் பால்சாக் பெயரை எடுத்ததும் தம் பள்ளி ஆசிரியரைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். அந்நிய நாட்டில், மொழி பாதி புரிந்தும் புரியாமலும் நிற்கும் ஒருவருக்கு இப்படி ஒருவர் கிடைத்தால் என்ன ஆகும்? நண்பராகிவிடுவார். நாங்கள் 75,000 என்று கேட்டோம். அவர் காபிக் கோப்பையைச் சுழற்றியபடியே, 'உங்களால் எதுவரை முடியும் என்று தெரிந்தால் எனக்குப் பேச வசதியாக இருக்கும்' என்றார். 80,000 என்று சொன்னோம். மறுநாளே விற்பவர் பெருந்தன்மையுடன் இறங்கிவந்தார். எந்த எண்ணில் நின்றார் என்று வாசகர் ஊகித்திருப்பார். சரியாக 80,000. அன்று மாலை நாங்கள் இருவரும் நம் தரகரின் சாமர்த்தியத்தை வியந்து ஒரு குப்பி ஒயின் வாங்கினோம்.

அவர் எந்த விதியையும் மீறவில்லை. தமக்கு அதிகாரம் அளித்தவருக்காகப் பேசினார், அவ்வளவுதான். பிரெஞ்சு நீதிமன்றங்கள் தரகருக்கு வாங்குபவரிடத்திலும் தகவல் சொல்லும் கடமை உண்டு என்று திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கின்றன. ஆனால் தகவல் சொல்லுவது வேறு, நமக்காகப் பேரம் பேசுவது வேறு.

அடுத்தது நொத்தேர். இதில்தான் எங்களைப் போன்றவர்கள் இருமுறை ஏமாறுகிறோம். இந்தியாவிலிருந்து வருபவருக்கு நோட்டரி என்றால் நீதிமன்ற வளாகத்து மரத்தடியில் முத்திரையோடு அமர்ந்திருப்பவர்; பத்து நிமிட வேலை. இலங்கைத் தமிழருக்கு நொத்தாரிசு என்பவர் இன்னும் நெருக்கமானவர். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புச் சட்டம் தொட்டே அங்கே காணி உறுதி நொத்தாரிசின் முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்படுவது. அவர் பெரும்பாலும் நம் குடும்பத்துக்குத் தெரிந்த சட்டத்தரணியாக இருப்பார். பழைய உறுதிகளைத் தேடிப் பார்த்து, 'வாங்கலாம்' அல்லது 'வேண்டாம் தம்பி' என்று சொல்லவும் செய்வார். இங்கிலாந்தில் வீடு வாங்கிய எங்களுக்கோ மனத்தில் இருந்தது சொலிசிட்டர்: நாம் அமர்த்தி, நாம் பணம் கொடுத்து, எதிர்த்தரப்புக்கு ஆயிரம் கேள்வி எழுதும் வழக்கறிஞர்.

பிரெஞ்சு நொத்தேர் இவர்களில் எவரும் அல்லர். அவர் அரசின் பொது அலுவலர். பத்திரத்தை உண்மையானதாக்குவதும், வில்லங்கம் பார்ப்பதும், அரசுக்குச் சேரவேண்டிய வரியை வசூலிப்பதும் அவர் பணி. அவருக்கு இரு தரப்பும் ஒன்று. 'நொத்தேர் செலவு' என்று எல்லோரும் சொல்லும் தொகை எங்கள் கணக்கில் ஏறத்தாழ 7,000 யூரோ வந்தது. இதையும் கொள்ளை என்றார் சென்னை நண்பர். பிரித்துப் பார்த்தால் அதில் 4,640 யூரோ, அதாவது 5.80 விழுக்காடு, மாவட்டத்துக்கும் ஊராட்சிக்கும் மத்திய அரசுக்கும் போகும் கைமாற்று வரி. (2025 ஏப்ரலிலிருந்து மாவட்டங்கள் தம் பங்கை அரை விழுக்காடு உயர்த்திக்கொள்ள அனுமதிக்கப்பட்டிருக்கின்றன.) நொத்தேரின் கட்டணம் அரசு நிர்ணயித்த அட்டவணைப்படி, மதிப்புக்கூட்டு வரியையும் சேர்த்து அது 1,300 யூரோ அளவில்தான் இருந்தது. மற்றவை பதிவுச் செலவுகள். இன்னொன்று: கட்டணத்தை வாங்குபவர் பொறுப்பாக எழுதியிருந்ததால் கைமாற்று வரி 80,000க்குத்தான் கணக்கிடப்பட்டது. விற்பவர் பொறுப்பு என்று எழுதியிருந்தால் 86,400க்கும் வரி கட்டியிருப்போம். இது எங்களுக்கு அப்போது தெரியாது. தெரியாமல் கிடைத்த ஒரே ஆதாயம் இது.

இரு தரப்புக்கும் தனித்தனி நொத்தேர் வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்தாலும் கட்டணம் கூடாது, அதே தொகையை இருவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். இதை நாங்கள் அறிந்தது கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகு. தரகரின் ஆலோசனைப்படி விற்பவருடைய குடும்ப நொத்தேரே போதும் என்று இருந்துவிட்டோம். நேரம் மிச்சமாகும் என்றார். மிச்சமாயிற்று.

இனி அந்த வேறொன்று. முதல் ஒப்பந்தம் தரகரின் அலுவலகத்திலேயே கையெழுத்தாயிற்று. அதோடு பரிசோதனை அறிக்கைகள் அடங்கிய ஒரு கட்டு: ஈயம், கல்நார், கரையான், மின்சாரம், ஆற்றல் திறன், கழிவுநீர். எண்பது பக்கங்களுக்கு மேல். பிரெஞ்சு நாவலில் பெருமூச்சுக்கும் மேகத்துக்கும் எத்தனை சொற்கள் உண்டோ அத்தனையும் அறிந்த எங்கள் இல்லத்து அறிஞருக்கு, 'கூட்டு வலையமைப்பில் சேராத கழிவுநீக்கம்' என்ற அலுவலகத் தொடர் எதைக் குறிக்கிறது என்று தெரியவில்லை. அது வேறொன்றுமில்லை, செப்டிக் டேங்க். எங்களுடையது விதிக்கு இணங்காதது என்று அறிக்கையில் தெளிவாக எழுதியிருந்தது. 'இது என்ன?' என்று தரகரைக் கேட்டோம். 'இந்தப் பக்கத்துக் கிராமங்களில் எல்லா வீட்டிலும் இப்படித்தான்' என்றார். அதுவும் பொய்யல்ல.

ஒப்பந்தம் கையெழுத்தான பின் வாங்குபவர் காரணம் சொல்லாமலே பின்வாங்கப் பத்து நாள் அவகாசம் உண்டு. 2015 வரை ஏழு நாளாக இருந்தது, பிறகு பத்தாக்கினார்கள். அந்நியருக்கென்றே செய்துவைத்தது போன்ற அருமையான ஏற்பாடு. ஒரு பொறியாளரை அழைத்துக் காட்டலாம், ஒரு வழக்கறிஞரிடம் கட்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். அந்தப் பத்து நாளையும் நாங்கள் திரைச்சீலையின் நிறம் பற்றிய வாக்குவாதத்தில் கழித்தோம்.

இறுதிக் கையெழுத்தின்போது நொத்தேர் பத்திரத்தை வரிவரியாக வாசித்தார். மொழி புரிகிறதா, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று முதலிலேயே கேட்டார். புரிகிறது என்றோம், சற்றே பெருமிதத்துடன். கழிவுநீர்த் தொட்டி விதிக்கு இணங்காதது என்பதை வாங்குபவர் அறிந்திருக்கிறார், விற்பனை நாளிலிருந்து ஓராண்டுக்குள் தம் செலவில் சீர்செய்வார் என்ற பத்தியையும் அவர் வாசித்தார். அது சட்டம், 2011 முதல் வீடு விற்கும்போது அந்த அறிக்கையை இணைப்பது கட்டாயம். நாங்கள் தலையசைத்தோம். ஏழாவது மாதம் உள்ளூர்க் கழிவுநீர்ச் சேவையிலிருந்து கடிதம் வந்தது. புதிய தொட்டிக்கும் வடிகால் படுகைக்கும் 9,400 யூரோ ஆயிற்று. நூலகத்துக்கென்று ஒதுக்கிவைத்திருந்த பணம் மண்ணுக்கடியில் போயிற்று. வாதுமை மரத்தையும் வெட்டவேண்டியிருந்தது. வடிகால் படுகை அமைக்கத் தகுந்த இடம் அது ஒன்றுதான். பணத்தைவிட அந்த மரத்துக்காகத்தான் நெடுநாள் வருந்தினோம்.

யார் எங்களை ஏமாற்றினார்கள்? திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தோம். விற்பவர் அறிக்கையைக் கொடுத்தார். தரகர் அதைக் கையில் தந்தார். நொத்தேர் உரக்கப் படித்தார். மூவரும் தத்தம் கடமையைச் செய்தார்கள். அந்த அறையில் ஐவர் இருந்தோம். 'இந்தப் பத்திக்கு ஒன்பதாயிரம் யூரோ விலை. அதைக் குறைத்துக்கொண்டு கேளுங்கள்' என்று சொல்லக் கடமைப்பட்டவர் ஒருவரும் அங்கே இல்லை. எல்லோருக்கும் நாங்கள்தான் பணம் கொடுத்தோம். எங்கள் ஆள் என்று ஒருவருமில்லை.

நிற்க. இது எங்கள் அசட்டுத்தனத்தின் கதை மட்டுமே என்றால் எழுதியிருக்கமாட்டோம். உலகம் முழுவதும் வீட்டுத் தரகில் உள்ள குழப்பம் இதுவேதான் என்பது எங்கள் கருத்து. அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே வாங்குபவருக்கென்றே தனித் தரகர் உண்டு. ஆனால் அவருடைய ஊதியம் விற்பவர் கொடுக்கும் ஐந்து ஆறு விழுக்காட்டிலிருந்து பிரிந்துவரும். நம்முடைய தரகருக்கு எதிர்த்தரப்பு சம்பளம் கொடுக்கும் விந்தை! 2023 அக்டோபர் இறுதியில் மிசௌரியில் ஒரு நடுவர்குழு, இந்த ஏற்பாடு போட்டியைக் கெடுத்தது என்று தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சில் அமெரிக்க வீட்டுத் தரகர் சங்கம் 418 மில்லியன் டாலர் கொடுத்து வழக்குகளை முடித்துக்கொள்ள இசைந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 17 முதல், தரகர் ஒரு வீட்டைக் காட்டுவதற்கு முன்பே அவருக்கு எவ்வளவு என்று வாங்குபவரோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளவேண்டும். அத்தனை பெரிய வழக்கும் கடைசியில் எங்கள் கட்டுரைத் தலைப்பிலுள்ள கேள்விதான்.

ஸ்பெயினின் கதை இன்னும் துயரமானது. 2000ஆம் ஆண்டில் அங்கே தரகுத் தொழிலை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று திறந்துவிட்டார்கள் (பிற்பாடு சில தன்னாட்சிப் பகுதிகள் பதிவேடு கொண்டுவந்தன). தொடர்ந்துவந்த ஆண்டுகளில் தெற்குக் கடற்கரையில் கட்டப்படாத வீடுகளை வரைபடத்தைக் காட்டியே வடக்கு ஐரோப்பியர்களுக்கு விற்றார்கள். தரகரே வழக்கறிஞரையும் சிபாரிசு செய்வார்; அவ்வழக்கறிஞருக்குத் தொடர்ந்து வேலை தருபவர் தரகரா, ஒருமுறை வந்துபோகும் வாங்குபவரா என்று அன்று எவரும் கேட்கவில்லை. 2008இல் எல்லாம் சரிந்தபோது முன்பணம் கொடுத்தவர்கள் பாதிக் கட்டடங்களைப் பார்த்து நின்றார்கள். அந்தப் பணத்துக்கு வங்கி உறுதி இருக்கவேண்டும் என்று 1968ஆம் ஆண்டிலேயே ஒரு ஸ்பானியச் சட்டம் இருந்தது. உறுதி இல்லாமல் பணத்தை வாங்கிக்கொண்ட வங்கிகளே பொறுப்பு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது 2015 டிசம்பரில். இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ முதியவர்களின் ஓய்வுக்காலம் முடிந்தே போயிருந்தது.

நம் வாசகர்களுக்கு இதைவிட அருகில் இருப்பது துபாய். சென்னை, கோவை நட்சத்திர விடுதிகளில் வார இறுதியில் நடக்கும் துபாய் வீட்டுக் கண்காட்சிகளுக்குச் சென்றவர்கள் அறிவார்கள். அங்கே ஏற்கெனவே கட்டிய வீட்டை மறுவிற்பனையில் வாங்கினால் வாங்குபவர் தரகருக்கு வழக்கமாக இரண்டு விழுக்காடு கொடுக்கிறார். நிலத்துறைக்கு நான்கு விழுக்காடு பதிவுக் கட்டணம். கண்காட்சியிலோ, 'உங்களிடம் தரகே வாங்கமாட்டோம்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். உண்மைதான். கட்டப்போகும் வீட்டுக்குத் தரகைக் கட்டுமான நிறுவனமே கொடுக்கிறது. பெரும்பாலும் அந்த இரண்டு விழுக்காட்டைவிடத் தாராளமாக. நம்மிடம் ஒரு காசும் வாங்காத ஒருவர் நம் எதிரில் அமர்ந்து எந்தத் திட்டத்தில் முதலீடு செய்யலாம் என்று மனமுவந்து ஆலோசனை சொல்லுகிறார். இந்தியாவில் வசிப்பவர் ஓராண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடிய தொகைக்கு ரிசர்வ் வங்கியின் வரம்பு ஆளுக்கு 2,50,000 டாலர் என்பதையோ, அந்தக் கட்டுமானத் தவணைகள் அதற்குள் அடங்குமா என்பதையோ அவர் கவலைப்பட்டுச் சொல்லவேண்டிய கட்டாயம் என்ன? அவர் கவலை அன்றைக்கு முன்பதிவுத் தொகை விழுவது. தரகில்லாத வீடுதான் அதிக விலையுள்ள வீடு என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இங்கே நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். 'பிரான்ஸிலேயே வாங்குபவருக்காக வீடு தேடித்தரும் ஆட்கள் இருக்கிறார்களாமே, அவர்களை அமர்த்தியிருக்கலாமே?' இருக்கிறார்கள். வீட்டு வேட்டைக்காரர் என்றே அவர்களுக்குப் பெயர். அவர்களுடைய மாந்தா நம் கையெழுத்தில் இருக்கும். ஆகவே நம் ஆள் என்று ஓரளவு சொல்லலாம். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கும் நாம் வீடு வாங்கினால்தான் ஊதியம். அதுவும் பலருக்கு விலையில் விழுக்காடு. விலை கூடினால் அவர் கட்டணமும் கூடும். 'வேண்டாம், விட்டுவிடுங்கள்' என்று சொல்லும் நாளில் அவருக்கு அன்றைய கூலியும் இல்லை. எத்தனை நல்ல மனிதரானாலும் அத்தனை நாளைக்கு அப்படிச் சொல்லமுடியும்? யார் பணம் கொடுக்கிறார் என்பதோடு, எது நடந்தால் பணம் வரும் என்பதையும் பார்க்கவேண்டியிருக்கிறது. வாங்காதே என்று சொன்னாலும் ஊதியம் பெறுகிறவர் ஒருவர் வேண்டும். பத்திரக்கட்டைப் படித்துச் சொல்ல மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் இருமொழி வழக்கறிஞர், சுவரைத் தட்டிப் பார்த்துத் தனித் தொகை வாங்கும் கட்டட வல்லுநர், இப்படி யாரேனும். பிரான்ஸில் இங்கிலாந்தைப் போல வாங்குபவர் கட்டடச் சோதனை செய்விக்கும் வழக்கமில்லை. கேட்டால் தரகர் சற்றே புண்பட்ட முகம் காட்டுவார். காட்டட்டும். எங்களுக்கு அன்று ஆயிரம் யூரோ செலவாகியிருக்கும். அதைத் தண்டச்செலவு என்று நினைத்தோம். எட்டு விழுக்காட்டைக் கொடுத்தபின் இன்னும் ஒருவருக்குக் கொடுப்பதா என்று வீட்டில் இருவரும் அபூர்வமாக ஒத்துப்போன விஷயம் அது.

தரகர் சொல்லாத வேறு சிலவும் உண்டு. அவர் சொல்லவேண்டியதில்லை என்பதே எங்கள் வாதம். வீட்டுச் சாவி குடியுரிமையும் அல்ல, குடியிருப்பு அனுமதியும் அல்ல. 2021 தொடங்கிப் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள், தனியே விசா பெறாவிட்டால், எந்த 180 நாளிலும் 90 நாள்தான் அங்கே தங்கலாம். வீடு சொந்தமாக இருந்தாலும் அப்படித்தான். பிரெஞ்சு வாரிசுச் சட்டத்தில் பிள்ளைகளின் பங்கை அவ்வளவு எளிதாக மாற்றி எழுதமுடியாது என்பதும் வாங்கும் முன்பே யோசிக்கவேண்டியது. இவற்றையெல்லாம் அடுமனைக்கு வழிசொன்ன மனிதரிடம் எதிர்பார்ப்பது அவருக்கும் நியாயமில்லை.

நம் ஊர்த் தரகரைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு பக்கமும் வாங்குகிறவர் என்று அவரை இகழ்கிறோம். ஆனால் அவர் இரண்டு பக்கமும் வாங்குகிறார் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். அதனாலேயே நாம் அவரை முழுதும் நம்புவதில்லை. தெரிந்த வக்கீலிடம் தாய்ப்பத்திரத்தைக் காட்டுகிறோம், வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம், தெருக்கோடிப் பெட்டிக்கடையில் விசாரிக்கிறோம், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு மாமாவையாவது கூட்டிப்போகிறோம். அந்த மாமாதான் நம் ஆள். வாங்காவிட்டாலும் அவருக்கு ஒரு காபி உண்டு. கடல் கடந்ததும் மாமாவை ஊரிலேயே விட்டுவிடுகிறோம். அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று ஒரு மயக்கம். எங்கள் விஷயத்தில் ஒழுங்காகத்தான் நடந்தது.

சென்ற ஆண்டு அந்தப் பெரிய கொட்டகையையும் அதை ஒட்டிய நிலத்தையும் தனியே பிரித்து விற்க முடிவுசெய்தோம். அதே தரகரிடம் போனோம். வேறு யாரிடம் போவது? தொழிலறிந்தவர், ஊரறிந்தவர். இம்முறை மாந்தாவில் விற்பவர் என்ற இடத்தில் எங்கள் கையெழுத்து. நாங்கள் 36,000 கேட்டோம். நெதர்லாந்திலிருந்து ஓர் இளந்தம்பதி வந்து பார்த்தார்கள். அந்தப் பெண் கொட்டகையின் உத்தரங்களை அண்ணாந்து பார்த்தபடி எங்கே தறி வைப்பது என்று கணவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். 31,000 கொடுப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் காருக்குப் போனதும் தரகர் எங்களை வாசல்பக்கம் அழைத்து, குரலைத் தாழ்த்தி, 'அவர்களால் 35,000 வரை முடியும். காபி குடிக்கும்போது சொன்னார்கள்' என்றார்.

34,000க்கு முடிந்தது. கூரையைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழ்தி அவர்களிடம் கொடுத்தோம். தனி நொத்தேர் வைத்துக்கொள்ளலாம், செலவு கூடாது என்பதையும் அதில் சேர்த்தோம். அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. கையெழுத்தான அன்று வாசலில் எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டபோது, அந்தப் பெண் முதலில் நன்றி சொன்னது தரகருக்குத்தான்.